டீச்சர் பேசியதும் நான் சொன்னதும்

ஏறக்குறைய ஒரு வருஷம், வியாழக்கிழமை மூன்று மணியானால் என் வாயாலேயே என் பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்தார்கள். நான் பெற்றது ஒரே மகள். நன்றாக இருக்கிறாள், ஆம்பூரிலேயே வங்கியில் வேலை. ஆனால் டாக்டரம்மா போட்ட சட்டம் அப்படி. அந்தப் பக்கம் ஒருத்தி 'என் மகனைக் கொன்றுவிட்டார்கள்' என்றால், மொழிபெயர்க்கிற நானும் 'என் மகனை' என்றே சொல்ல வேண்டும். 'அவங்க மகனைக் கொன்னுட்டாங்களாம்' என்று ஆரம்பித்தால் கையைத் தூக்கி நிறுத்திவிடுவார். "களாம் கிளாம் எல்லாம் வேணாம்மா. அது தெருவுல வம்பு பேசறவங்க பேச்சு."

டாக்டரம்மா மனநல மருத்துவர். சத்துவாச்சாரியில் வீட்டின் கீழ்த்தளத்திலேயே கிளினிக் வைத்திருந்தார். நான் ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் தையல் லைனில் வேலை பார்த்து, சூப்பர்வைசராகி, முதுகு விட்டுப்போனதால் வெளியே வந்தவள். எங்கள் வீட்டில் பேசுவது உருது. ஒருமுறை லைனில் இருந்த ஒரு பெண்ணை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போய், அவள் உருதுவில் புலம்பியதைத் தமிழில் சொன்னேன். அதை மனதில் வைத்திருந்து பிறகு என்னைக் கூப்பிட்டனுப்பினார். சண்டை ஓயாத ஒரு நாட்டில் பதினோரு பெண்களுக்கு, மனசு உடைந்தவர்களிடம் உட்கார்ந்து பேசுகிற வேலையைக் கம்ப்யூட்டர் வழியாகக் கற்றுத்தரப் போவதாகச் சொன்னார். உருது பேசுகிற பக்கத்து நாட்டின் அகதி முகாமில் வளர்ந்ததால் அவர்களுக்கு உருது தெரியும், டாக்டரம்மாவுக்குத் தெரியாது. அந்த நாட்டின் பெயரை நான் எழுத மாட்டேன். அந்தப் பெண்கள் இன்னும் அங்கே இருக்கலாம்.

முதல் நாள் பாடமே எனக்குப் பக்கென்றது. "அழறவங்களுக்கு உடனே தண்ணி நீட்டாதீங்க. தண்ணி கொடுத்தா வாயை மூடுன்னு அர்த்தம்," என்றார். ஐயோ, லைனில் நான் எத்தனை பேருக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறேன்! இன்னொரு நாள், ஒருத்தி நோயாளி மாதிரி நடிக்க வேண்டும், மற்றவள் கேட்க வேண்டும் என்றார். சொந்தத் துக்கத்தை எடுக்கக் கூடாது, சின்னதாக ஏதாவது கற்பனை செய்துகொள்ள வேண்டும். ஓர் இளம்பெண் தன் ஆடு தொலைந்துவிட்டது என்று ஆரம்பித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். எப்படித் தொலைந்தது என்று எதிரே இருந்தவள் கேட்டாள். மேய்க்கப் போன தங்கச்சி திரும்பி வரவில்லை என்றாள் அவள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அப்போதுதான் அந்தப் பதினோரு பேரில் டீச்சர் என்று எல்லோரும் கூப்பிடுகிறவள் வாயைத் திறந்தாள். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டதால் இந்த வேலைக்கு வந்தவள், என் வயதுதான் இருக்கும். "சின்னத் துக்கம் இந்த ரூம்ல யார்கிட்டயும் ஸ்டாக் இல்ல, டாக்டர்." ஸ்டாக் என்பது என் சொல், மற்றதெல்லாம் அவளுடையது. டாக்டரம்மா ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார். டீச்சருக்கு என் உருதுவைக் கிண்டல் செய்யாவிட்டால் பொழுது போகாது. "இது எந்த ஊர் பாஷை தோஸ்த், பாதி வேற என்னமோ பேசற!" என்பாள். பதினோரு பேரில் அவளைப் போலப் பொறுமையாகக் கேட்கத் தெரிந்தவர் யாருமில்லை. டாக்டரம்மாவுக்கும் அவள் மீதுதான் பிரியம் ஜாஸ்தி.

நான் சொல்ல வந்த அந்த வியாழக்கிழமை, மணி ஐந்தாகப் போகிறது. கிளினிக் வாசலில் ஆற்காடு, விரிஞ்சிபுரத்திலிருந்தெல்லாம் வந்தவர்கள் காத்திருந்தார்கள். டாக்டரம்மாவுக்குக் காலையிலிருந்தே தலைவலி. மற்றவர்கள் எழுந்துவிட்ட பிறகு டீச்சர் மட்டும் திரைக்குக் கிட்டே வந்து உட்கார்ந்தாள். "டாக்டர், தினமும் ஆறேழு பேர் வந்து கொட்டிட்டுப் போறாங்க. நீங்க சொன்ன மாதிரியேதான் கேக்கறேன். வீட்டுக்குப் போனா என் பிள்ளைங்க பேசறது காதுல விழல. நேத்து கிணத்தடியில எவ்ளோ நேரம் நின்னேன்னு எனக்கே தெரியல. பக்கத்து வீட்டுக்காரி வந்து கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போனா. எல்லாரும் என்கிட்ட சொல்றாங்க, நான் யார்கிட்ட சொல்றது? உங்ககிட்ட சொல்லலாமா?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "கொஞ்சம் டயர்டா இருக்குதாம் மேடம். தேங்க்ஸ் சொல்றாங்க."

ஏன் அப்படிச் சொன்னேன்? கெட்ட எண்ணம் இல்லை, சத்தியமாக இல்லை. இத்தனை வருஷம் கம்பெனியில் செய்ததையே செய்தேன். நிற்க முடியவில்லை, இடுப்பு ஒடிகிறது, செத்துடுவேன்போல இருக்கு என்று ஒருத்தி லைனில் அழுவாள். நான் மேனேஜர் ரூமுக்குப் போய், "கொஞ்சம் டயர்டு சார், சமாளிச்சுக்கலாம்" என்பேன். மேலே இருப்பவர் தாங்குகிற அளவுக்குத்தான் கீழே இருப்பவர் பேச்சைக் கொண்டுபோக வேண்டும் என்று பழகிய நாக்கு இது. அடுத்த வாரம் நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். டாக்டரம்மா திரையைப் பார்த்து, "நல்லா ரெஸ்ட் எடுங்க," என்றார். அதையும் நானே உருதுவில் சொன்னேன். டீச்சர் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனாள்.

அடுத்த வாரம் அவள் வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். அதற்கடுத்த வாரம் வீடு பூட்டியிருக்கிறது என்றார்கள். அப்புறம் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டார்கள். கொஞ்ச நாளில் அந்த ஊரோடு தொடர்பே அறுந்துபோய் வகுப்பும் நின்றது. குடும்பத்தோடு எல்லை தாண்டிப் போயிருப்பாள் என்று சில நாள் நம்புவேன். சில நாள் கிணறு ஞாபகம் வந்துவிடும். பஸ் பள்ளிகொண்டா தாண்டும்போது, பாத்திரம் கழுவும்போது, 'உங்ககிட்ட சொல்லலாமா' என்று அவள் குரல் கேட்கும். பயமாக இருக்கும். இதை யாரிடமும் சொல்லாமலே இருந்தேன்.

போன மாதம் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேன். முட்டி வலியால் கிளினிக்கை நிறுத்திவிட்டார். உட்கார்ந்ததுமே உளறிவிட்டேன், அன்றைக்கு நான் பொய் சொன்னேன் என்று. திட்டுவார் என்றுதான் நினைத்தேன். திட்டினால் தேவலையாக இருந்திருக்கும்.

"தெரியும்," என்றார். "அவ அவ்ளோ நேரம் பேசினா, நீ ஒரு வரியில முடிச்சிட்டே. மூஞ்சியைப் பார்த்தா தெரியாதா எனக்கு? இதே தொழில்ல தலை நரைச்சவ நான். வெளிய ஆள் காத்திருந்தாங்க, தலை வேற வலிச்சுது. நீ சொன்னது எனக்குச் சௌகரியமா இருந்தது. எடுத்துக்கிட்டேன்."

டாக்டரம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்ப சொல்லு. அவ இன்னா சொன்னா?" என்று கேட்டார்.

ஒரு சொல் விடாமல் சொன்னேன், கிணற்றடியையும் சேர்த்து. அழுகை வந்தது. அவர் தண்ணீர் கொடுக்கவில்லை. நான் முடித்ததும் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, எனக்குப் பின்னால் யாரையோ பார்ப்பதுபோலப் பார்த்து, "சொல்லுங்க டீச்சர். என்கிட்டயே சொல்லுங்க. எவ்ளோ நேரம் ஆனாலும் பரவால்ல, நான் கேக்கறேன்," என்றார்.

நான் அதை உருதுவில் சொன்னேன், சத்தமாக. பிறகு இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம், பதில் வருகிறதா என்று.