எட்டுப் பழைய கம்ப்யூட்டர்களும் நான் தட்டிய ஒரு என்டரும்

1. வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி

தங்கா பத்துவில் ஒரு கடைவீட்டின் மேல்மாடி. ருக்மணி மிஸ் நடத்திவந்த தட்டச்சுப் பள்ளி. சுவரோரம் எட்டு மேசைகள், எட்டுப் பழைய 386 கம்ப்யூட்டர்கள். நான் தயாரித்துக் கொண்டுவந்த ஃபிளாப்பியை ஒவ்வொன்றிலும் செருகி, வரிசையாக சுவிட்சைத் தட்டிக்கொண்டு போனேன். கறகறவென்று சத்தம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. ஓடியவை எட்டிலும் ஒரே இடத்தில் நின்றன. கடைசி வரியில் ‘கிவிங் அப்’ என்று இருந்தது.

“என்ன செல்வி, என்னமோ எழுதியிருக்கு?” என்றார் மிஸ்.

“கைவிட்டுட்டேன்னு சொல்லுது, மிஸ்.”

“எது?”

“எட்டும்.”

மிஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். திரை மாறவில்லை. மூன்று மணிக்கு, கம்ப்யூட்டர் வகுப்புக்கு அனுமதி தரும் அதிகாரி சோதனைக்கு வருவதாக இருந்தது.

2. இது எப்படி என் தலையில் விழுந்தது

அப்போது நான் பாச்சாங்கில் ஒரு கடையில் டெக்னீஷியன். பெயர்தான் கம்ப்யூட்டர் கடை. முன்பக்கம் ரைஸ் குக்கரும் மேசைக் காற்றாடியும் விற்றோம். முதலாளி குணசேகரனுக்கு கம்ப்யூட்டரைப் பற்றித் தெரிந்தது ஒன்றுதான்: வாடிக்கையாளருக்கு அதைவிடக் குறைவாகத் தெரியும் என்பது.

தொண்ணூறுகளின் பிற்பாதி. தொழிற்சாலை ஆபீஸ்களில் டைப்ரைட்டரை மூட்டைகட்டிக்கொண்டிருந்தார்கள். மிஸ்ஸின் பள்ளி பிழைக்க வேண்டுமென்றால் கம்ப்யூட்டர் வகுப்புக்கு அனுமதி வேண்டும். அனுமதி வேண்டுமென்றால் நெட்வொர்க்கில் ஓடுகிற எட்டு கம்ப்யூட்டர்கள் இருக்க வேண்டும். ஓர் ஆபீஸ் கழித்துக்கட்டிய எட்டு 386-களை முதலாளி எங்கிருந்தோ பிடித்து மிஸ்ஸிடம் தள்ளிவிட்டார்.

“புதுசு மாதிரி ஓடும்லா, மிஸ். நம்ம செல்வி செட் பண்ணிக் குடுப்பா.”

அவற்றில் ஹார்ட் டிஸ்க் இல்லை. பழைய ஆபீஸ் கழற்றிக்கொண்டிருந்தது. மெமரி நாலே எம்.பி. ஒன்றின் வயிற்றுக்குள் பல்லி முட்டையிட்டிருந்தது. கடை வாசலில் இறக்கினால் பேர் கெட்டுவிடும் என்று முதலாளி லாரியை நேராகத் தங்கா பத்துவுக்கே அனுப்பிவிட்டார்.

நான் சிம்பாங் அம்பாட் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பெண். பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்ததும் பால்மரக் காட்டுக்குப் போகாமல் தப்பித்தது மிஸ்ஸிடம் தட்டச்சு படித்ததால்தான். தப்பாக அடித்தால் ஸ்கேலால் விரலிலேயே போடுவார். இருந்தாலும், பஸ் தவறி நான் தாமதமாக வந்த ஒரு நாள்கூட கதவைச் சாத்தியதில்லை. அந்தப் பள்ளி மூடப்படுவதற்கு நான் காரணமாகிவிடக் கூடாது.

3. கெர்னல் கேட்ட கேள்விகள்

நான் போட்ட திட்டம் இது. ஒரு 486-ஐ சர்வராக வைப்பது. 386-கள் எட்டும் ஃபிளாப்பியில் விழித்தெழுந்து, மற்ற எல்லாவற்றையும் நெட்வொர்க் வழியாக சர்வரிடமிருந்து எடுத்துக்கொள்ளும். அதற்கு லினக்ஸ் என்ற சிஸ்டம் போதும், காசும் கேட்காது.

சிக்கல் கெர்னலில். கெர்னல் என்பது சிஸ்டத்தின் உள் இயந்திரம். மெமரி, டிஸ்க், நெட்வொர்க் கார்டு எல்லாவற்றையும் அதுதான் மேய்க்கும். சிடியில் ரெடிமேடாக வரும் கெர்னல் ஊரில் உள்ள எல்லா சாமானையும் தெரிந்து வைத்திருக்கும். அந்த அறிவையெல்லாம் ஏற்றினால் நாலு எம்.பி.யில் வேறு எதற்கும் இடமிருக்காது. தேவையானதை மட்டும் வைத்து நாமே கம்பைல் செய்ய, அதாவது மூல நிரலிலிருந்து புதிதாகக் கட்டியெடுக்க வேண்டும்.

அதற்கு முன் அது நம்மிடம் கேள்வி கேட்கும். ஒன்றிரண்டு இல்லை, நூற்றுக்கணக்கில். சவுண்டு கார்டு இருக்கிறதா? சிடி டிரைவ் உண்டா? இன்னின்ன நாட்டில் மட்டும் விற்ற இன்னின்ன கார்டு உண்டா? பெண் பார்க்க வந்த வீட்டார்கூட இவ்வளவு கேட்கமாட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் ‘ஒய்’ அல்லது ‘என்’ அடிக்க வேண்டும். பதில் தெரியாவிட்டால் வெறும் என்டரைத் தட்டலாம். அதுவே ஒரு பதிலைப் போட்டுக்கொள்ளும்.

நான் ஏனோதானோவென்று செய்யவில்லை. முன்னதாகவே தங்கா பத்துவுக்குப் போய் எட்டு மூடிகளையும் திறந்து நெட்வொர்க் கார்டுகளைக் குறித்துக்கொண்டு வந்தேன். பிராசஸர் எதுவென்று கேட்டதற்கு 386 என்று சரியாகவே சொன்னேன். முதல் ஐம்பது கேள்விகளை அர்ச்சனை மாதிரி வாய்விட்டுப் படித்தேன். பிறகு அலுத்துவிட்டது. என்டர், என்டர், என்டர்.

அப்படிக் கட்டிய கெர்னலை ஃபிளாப்பியில் ஏற்றி, கடையில் இருந்த இன்னொரு 486-இல் போட்டுப் பார்த்தேன். ஜம்மென்று ஓடியது.

“டெஸ்டிங் ஆச்சா?” என்றார் முதலாளி.

“ஆச்சு, முதலாளி.”

எங்கள் இருவருக்கும் அது போதுமானதாக இருந்தது.

4. காலியாக இருந்த சதுரம்

மறுபடி வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். ‘கிவிங் அப்’ வரிக்கு மேல் இன்னொரு வரி இருந்தது. கோபிராசஸர் இல்லை, அதற்குப் பதிலான கணக்கு எமுலேஷனும் இல்லை என்றது அது. நான் ஒரு மூடியைக் கழற்றினேன். பிராசஸருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சதுர சாக்கெட், காலியாக. போன தடவையும் அதைப் பார்த்திருந்தேன். பார்த்துவிட்டு நெட்வொர்க் கார்டை நோக்கி நகர்ந்திருந்தேன்.

தசமக் கணக்கு போடுவதற்கென்று அந்தக் காலத்தில் கோபிராசஸர் என்ற தனி சிப் உண்டு. கடையில் இருந்த 486-இல் அது பிராசஸருக்குள்ளேயே இருந்தது. இந்த 386-களில் கிடையாது. “சிப் இல்லாத கணக்கை நான் சமாளிக்கட்டுமா?” என்று கெர்னல் என்னிடம் கேட்டிருக்கிறது; எமுலேஷன் என்பது அதுதான். நான் என்டர் தட்டியிருக்கிறேன். ‘என்’ என்று எடுத்துக்கொண்டது.

படியிறங்கி பஸ் ஸ்டாப்புக்கு ஓடிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. கடையிலிருந்து கொண்டுவந்து மூலையில் வைத்திருந்த சர்வருக்கு முன் உட்கார்ந்து கேள்விகளை முதலிலிருந்து ஆரம்பித்தேன். பாதியில் படியில் ஷூ சத்தம் கேட்டது.

மூன்று மணிக்கு வரவேண்டிய அதிகாரி. பெயர் ரஹ்மான்; மலாயில் ‘ஐயா’ என்பது போல என்சிக் ரஹ்மான் என்போம். வெள்ளிக்கிழமை தொழுகைக்கு முன்பே வேலையை முடித்துவிடலாம் என்று பதினோரு மணிக்கே வந்துவிட்டார். எட்டுத் திரைகளையும் ஒரு சுற்று பார்த்தார்.

“செமுவா ரோசாக்கா?” என்றார். எல்லாமே கெட்டுப்போச்சா என்று கேட்கிறார்.

மிஸ் என்னைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. எடுத்தால் முதலாளி.

“ஆபீசர் வந்துட்டாரா? ஏதாச்சும் கேட்டா இது கரண்ட் சேவிங் மோடுன்னு சொல்லு. அவருக்கு என்னா தெரியப் போவுது?”

போனை வைத்தேன். எட்டுத் திரையிலும் அவ்வளவு பெரிதாக எழுதியிருப்பதை ஆங்கிலம் படித்த மனுஷனிடம் எப்படி மறைப்பது? அதோடு, ஸ்கேலால் என் விரலைத் திருத்திய மிஸ் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மலாயில் உள்ளதைச் சொன்னேன். கம்ப்யூட்டர் கெடவில்லை, தப்பு என்னுடையது, ஒரு கேள்விக்கு யோசிக்காமல் பதில் போட்டுவிட்டேன், திருத்த இரண்டு மணி நேரம் வேண்டும்.

“எங்க ஆபீஸ் கம்ப்யூட்டரும் அடிக்கடி நிக்குது. டெக்னீஷியன் வருவார், யாரோ வைரஸ் கொண்டாந்துட்டாங்கன்னு சொல்வார். என் தப்புன்னு ஒருத்தரும் சொன்னதில்ல” என்று அவர் மலாயில் சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “சரி. நான் தொழுதுட்டு மூணு மணிக்கு வர்றேன்.”

5. ஏழு

இந்த முறை ஒரு கேள்வியையும் விடவில்லை. மிஸ் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

“இது என்னா கேக்குது?”

“ஏதோ ஒரு டேப் டிரைவ் இருக்கான்னு, மிஸ்.”

“இல்லேன்னு சொல்லு. அடுத்தது.”

கணக்கு எமுலேஷன் வந்ததும் ‘ஒய்’ அடித்தேன். கம்பைல் ஓட ஆரம்பித்தது. அது ஓடிய நேரம் முழுவதும் என்னால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை. மிஸ் கீழ்க்கடையிலிருந்து மீ கோரேங் நூடுல்ஸ் வாங்கிவரச் செய்தார். என் பங்கு ஆறிக் கிடந்தது.

இரண்டு மணிக்கு எட்டு ஃபிளாப்பிகளும் தயார். முதல் கம்ப்யூட்டரில் எழுத்து ஓடியது, நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டியது, சர்வரைப் பிடித்தது, உள்ளே விடப் பெயரைக் கேட்டது. மிஸ் கைதட்டினார். இரண்டாவது, மூன்றாவது... ஏழாவது வரை வந்துவிட்டன. எட்டாவது வரவில்லை. பல்லி முட்டையிட்டிருந்த அந்த கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டு காலெல்லாம் துருப்பிடித்திருந்தது. சுரண்டிப் பார்த்தேன். ஒரு கால் கையோடு வந்தது.

மூன்று மணிக்கு என்சிக் ரஹ்மான் வந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து எண்ணினார். ஏழில் நிறுத்திப் பேனாவைத் திறக்காமல் என்னைப் பார்த்தார். எட்டு வேண்டும் என்று பாரத்திலேயே இருந்தது.

அப்போது மிஸ் விறுவிறுவென்று மூலைக்குப் போனார். சர்வருக்கு முன் உட்கார்ந்தார். சத்தமே வராத கீபோர்டை நம்பக் கூடாது என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர் டைப்ரைட்டரை அடிப்பது போலவே அதை ஓங்கி அடித்தார். அலுவலகக் கடிதம் ஒன்று, தேதி முதல் கையெழுத்து இடம் வரை, கீபோர்டைப் பார்க்காமல், ஒரு தப்பில்லாமல்.

“இதுவும் கம்ப்யூட்டர்தானே, என்சிக்? இதுவும் நெட்வொர்க்லதானே இருக்கு?”

அவர் என் பக்கம் திரும்பினார். “யா, என்சிக். எல்லாத்துக்கும் தலையே அதான்” என்றேன். அது பொய்யில்லை. அவர் பேனாவைத் திறந்தார்.

6. இதில் தெரிந்துகொண்டது

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு இரண்டு விஷயம் சொல்வேன். எந்த கம்ப்யூட்டரில் ஓடவேண்டுமோ அதிலேயே ஓட்டிப் பாருங்கள். பக்கத்தில் இருப்பதில் ஓடினால் அது டெஸ்டிங் இல்லை, ஆறுதல். பதில் தெரியாத கேள்வி வந்தால் என்டரைத் தட்டாமல் மூடியைத் திறந்து பாருங்கள். பார்த்ததைப் பார்த்தோமென்று விட்டுவிடாமல், அது ஏன் அப்படி இருக்கிறது என்றும் கேளுங்கள்.

தப்பை ஒத்துக்கொண்டால் வேலை போய்விடும் என்று பயப்படுவார்கள். எனக்குப் போகவில்லை. ஆபீசரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று தெரிந்ததும் முதலாளி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளும் கடையில் வேலை மிக நன்றாக நடந்தது.