வெளியே அம்பு இல்லாத வட்டம்

சேலத்தில் கல்லூரி வகுப்பு. ஆசிரியர் பலகையில் வட்டங்களும் அம்புகளுமாக வரைந்துகொண்டிருந்தார். வட்டம் என்றால் இயந்திரம் இருக்கும் ஒரு நிலை, அம்பு என்றால் அங்கிருந்து அது போகக்கூடிய வழி. ஓரத்தில் ஒரு வட்டத்துக்குள் அம்புகள் வந்தன, வெளியே ஒன்றுகூடப் போகவில்லை. இதற்குள் போனால் அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். நான் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நாமக்கல்லில் என் அத்தையின் கோழி ஷெட்.

அந்த ஷெட்டுக்கு ஜன்னல் கிடையாது, ஃபேன் நின்றால் காற்றே இல்லை. கரண்டு போனதும் ஜெனரேட்டர் தானாக ஓடும்படி நான்தான் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். முதலில் ஃபேன் ஸ்டார்ட்டர் விழ வேண்டும், அதாவது ஃபேனை லைனிலிருந்து விடுவிக்க வேண்டும். அது விழுந்தது தெரிந்த பிறகே ஜெனரேட்டர் கிளம்பும். இல்லையென்றால் மொத்த லோடும் அதன் தலையில் ஏறிவிடும். அத்தைக்கோ கிணற்று மோட்டார் பழக்கம். த்ரீ பேஸ் கரண்டு எப்போது வருமென்று யார் காத்திருப்பது? ஸ்டார்ட்டர் பட்டன் அமுங்கியே இருக்கும்படி வேப்பங்குச்சியைச் சொருகிவிட்டால் கரண்டு வந்ததும் மோட்டார் தானே ஓடும். எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான். சித்திரை வெயிலில் ஒருநாள் ஃபேனுக்கும் அப்படியே சொருகிவிட்டு, நான் எழுதிக் கொடுத்தது இருக்கிறதே என்ற தைரியத்தில் மோகனூருக்கு விசேஷத்துக்குப் போனார். கரண்டு போனது. ஸ்டார்ட்டர் விழட்டுமென்று ஜெனரேட்டர் காத்திருந்தது. குச்சி அதை விழவிடவில்லை. அத்தை திரும்பி வந்தபோது ஷெட்டில் சத்தமே இல்லை.

குழி வெட்டிக் கோழிகளைப் புதைத்தபோது அத்தை என்னிடம் சொன்னார்: "நீ செஞ்சது நல்லாத்தான் இருந்துச்சு சாமி. இந்தப் பாவி கைதான் கெடுத்துப்போடுச்சு."

நான் மறுக்காமல் குழியில் மண்ணைத் தள்ளினேன். உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதிகூட.

வகுப்பு முடிந்ததும் என் புரோகிராமை நோட்டில் வட்டமும் அம்புமாக வரைந்து பார்த்தேன். எல்லா வட்டத்துக்கும் வழி இருந்தது. பிறகு குச்சிக்கு ஓர் அம்பு போட்டேன். மூன்றாவது அடியில் வெளியே வழியில்லாத அந்த வட்டம் வந்து நின்றது. கரண்டு, ஃபேன், ஜெனரேட்டர் எல்லாம் வரைந்த நான் அத்தையின் கையை மட்டும் வரையவே இல்லை. அன்றிலிருந்து ஹாஸ்டலில் கரண்டு போய் ஃபேன் மெல்ல நின்றால், ஜெனரேட்டர் சத்தம் கேட்கும்வரை எனக்கு மூச்சு வருவதில்லை.

அடுத்த வாரம் அத்தை புதுக் கோழி இறக்குகிறார். இனி குச்சியே தொடமாட்டேன், போதுமா என்று போனில் கேட்டார். போதாது. வேறு என்னென்ன செய்வாரென்று எனக்குத் தெரியாது. சனிக்கிழமை, ஷெட் காலியாக இருக்கும்போதே, அவர் வழக்கமாகத் தொடுவதையெல்லாம் அவர் கையாலேயே தொடச்சொல்லி ஒவ்வொன்றையும் அம்பாக்கப் போகிறேன். எதுவும் அந்த வட்டத்தில் போய் முடிகிறதா என்று எல்லா வழியிலும் கம்ப்யூட்டர் நடந்து பார்க்கட்டும். ஆனால் நோட்டைத் திறப்பதற்கு முன்னால், தப்பு உங்கள் கையில் இல்லை அத்தை, என் படத்தில் என்று சொல்லியாக வேண்டும். பஸ்ஸில் போகும்போதே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொள்ளலாமென்று இருக்கிறேன்.