இரண்டு சோன்ஜு

வெனேரா த்சோய் பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவள். உஷ்தொபே சந்தையில் பதினெட்டு வருடமாகக் கேரட் சாலட் விற்கிறாள். கடையை மூடி பஸ் ஏறிய பிறகு, அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் இறங்கித் திரும்பி நடந்த நாட்கள் உண்டு. கணவர் இறந்து ஒன்பது வருடம். ஐம்பத்து நான்கு வயதில் இன்னொரு கல்யாணம் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. தண்ணீர் மோட்டார் பழுதுபார்க்கும் அப்பொல்லோன்தான் தினமும் வந்து நின்று, தின்ன முடியாத அளவுக்குக் கேரட்டாக வாங்கி, கடைசியில் கேட்டுவிட்டார். அவருக்கும் மனைவி இல்லை. நல்ல மனிதர். குடிப்பதில்லை. ஆனால் அவரும் த்சோய்.

கொரியாவை விட்டு வந்து தலைமுறைகள் ஆன பிறகும், இங்குள்ள கொரியர்கள் குடும்பப் பெயர் ஒன்றாக இருப்பதற்காக மட்டும் கல்யாணத்தைத் தடுப்பதில்லை. ‘பொன்’ பார்ப்பார்கள். தங்கம் இல்லை, வம்சம் கிளம்பிய ஊர். பெயரும் பொன்னும் ஒன்றானால் பங்காளி. நூறு தலைமுறை கடந்தாலும் அண்ணன் தங்கை முறைதான்.

வெனேராவுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே பெரியவர் அண்ணன் த்ரோஃபிம். போனில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

“அவரோட பொன் என்ன?”

“சோன்ஜு.”

“நம்மளோடது?”

“அப்பா நோட்டுல சோன்ஜுன்னுதான் இருக்கு, அண்ணே.”

“அப்புறம் என்ன பேச்சு? சொந்தத் தங்கச்சியக் கட்டிக்கிறவன் விருந்துல வந்து உக்காந்து, நான் நூடுல்ஸ் நல்லா இருக்குன்னு சொல்லணுமா?”

அண்ணன் வராத கல்யாண மேசையில் அவள் உட்கார மாட்டாள். அதற்கும் மேலாக ஒரு பயம்: அப்பொல்லோன் உண்மையிலேயே அண்ணன் முறை என்றால்? அன்று முழுக்க அவள் கையில் கேரட் ஒரே அளவில் சீவப்படவில்லை.

அப்பாவின் நோட்டு, அவர் வெங்காயம் பயிரிட்ட காலத்தில் வயல் கூடாரத்தில் எழுதியது. கொரிய மொழி, ரஷ்ய எழுத்து. யார் எப்போது பிறந்தார், இறந்தார், அவரவர் பொன் எது. அந்த ஊர்களில் ஒன்றைக்கூட அப்பா கண்ணால் பார்த்ததில்லை. காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார். அதை எடுத்துக்கொண்டு வெனேரா, ஹெகாய் என்ற கிழவரிடம் போனாள். சாவு வீட்டில் சவப்பெட்டிமேல் விரிக்கும் சிவப்புத் துணியில், இறந்தவரின் பெயரையும் பொன்னையும் எழுதுகிறவர் அவர்.

கிழவர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“உங்கம்மா லீ தானே? இங்க அவங்களுக்கும் சோன்ஜுன்னு எழுதியிருக்கார்.”

“ஆமா, பெரியவரே.”

“உங்கப்பா பேர்கிட்ட வர்ற ‘ன்’னுக்கு மட்டும் கீழே ஒரு வால் இருக்கே.”

“அது மைக்கறை.”

“ஒரு பக்கத்துல இருந்தா கறை. அவர் அப்பா, தாத்தா, சித்தப்பா, நீ, உங்கண்ணன், எல்லாத்துலயும் இருக்கு. உங்கம்மாவுக்கு மட்டும் இல்ல. ரஷ்ய எழுத்துல ‘ங்’ கிடையாதும்மா. அதான் வால் போட்டிருக்கார். உங்கம்மா சோன்ஜு. நீங்க சோங்ஜு.”

“சோங்ஜு எங்க இருக்கு?”

“எங்கயும் இல்ல. கியோங்ஜு இருக்கு. கொரியாவோட வடக்குலேர்ந்து வந்த நம்ம ஆளுங்க வாயில ‘கி’ நிக்காது, ‘சி’யாயிடும்; கியோங்ஜு சோங்ஜுவாயிடும். நீ கியோங்ஜு த்சோய். அது வேற வம்சம்.”

வெனேராவுக்கு மூச்சு வந்தது. கிழவர் பூதக்கண்ணாடியைக் கீழே வைக்கவில்லை.

“மாப்பிள்ளையோட பொன் எதுல எழுதியிருக்கு?”

“அவரோட அப்பா கல்லறைல. ரஷ்யாக்காரன் செதுக்கின கல்லு.”

“அப்போ வால் இருக்காது, சோன்ஜுவா சோங்ஜுவான்னு தெரியாது. ஒண்ணு கேளு. எண்ணெய்க்கு அவங்க வீட்ல என்ன சொல்வாங்க? கிரிம்னா, அவங்க வாயில ‘கி’ நிக்குது, கியோங்ஜுவா இருந்தா கியோங்ஜுன்னே சொல்லியிருப்பாங்க; அவங்க சோன்ஜு அசல் சோன்ஜுதான். சிரிம்னு சொன்னா…”

“சொன்னா?”

“அவரும் உன்ன மாதிரி கியோங்ஜுவா, பங்காளியா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். என்னால சொல்ல முடியாது.”

மறுநாள் அப்பொல்லோன் வந்தபோது அவள் கேரட்டின் மேல் காய்ந்த எண்ணெயை ஊற்றிக்கொண்டிருந்தாள். அது சுர்ரென்றது. அடங்கும்வரை காத்திருந்தாள்.

“இதுக்கு உங்கப்பா என்ன சொல்வார்?”

“எதுக்கு?”

“இந்த எண்ணெய்க்கு.”

“பரீட்சையா வைக்கிறீங்க? சிரிம். வேற என்ன சொல்வாங்க?”

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வாலைப் பற்றியும் கல்லைப் பற்றியும் சொன்னாள். பாதிவரை சிரித்துக்கொண்டிருந்தவர் அப்புறம் சிரிக்கவில்லை.

“என்னப் பாத்தா உங்க அண்ணன் மாதிரியா இருக்கு?”

“மூக்கப் பாத்தேன். ஒண்ணும் தெரியல.”

“எங்க வீட்ல நோட்டு இல்ல, கேக்க ஆளும் இல்ல. தெரியாத ஊரத் தேடி நான் எங்க போறது? நீங்களே சொல்லுங்க. வேணாம்னா நாளைலேர்ந்து வேற கடையில வாங்கிக்கறேன்.”

அவர் அன்று கேரட் வாங்காமல் போனார்.

சாயந்திரம் அண்ணனுக்குப் போன் போட்டாள். நோட்டு மடியில் திறந்திருந்தது. வால் விஷயத்தைச் சொன்னாள்.

“அப்பா போட்டதா அது? நான் கறைன்னுல்ல நெனச்சேன்.”

“நானும்தான்.”

“கியோங்ஜு…” அண்ணன் சொல்லிப் பார்த்தார். “இந்த வயசுல ஊர் மாறுது பாரு. சரி, அவரோடது?”

வெனேரா நோட்டை மூடினாள்.

“அவங்க வீட்ல சோன்ஜுன்னுதான் சொல்றாங்க.”

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அண்ணன் இன்னொரு கேள்வி கேட்டால், கல்லில் வால் இருக்காது என்பதையும் சிரிமையும் சொல்லிவிடுவது என்று அவள் முடிவு செய்திருந்தாள். ஒரே ஒரு கேள்வி போதும்.

“அப்போ வேற வேறதான்,” என்றார் அண்ணன். “நல்லதாப் போச்சு. எத்தனை பேருக்கு மேசை போடற?”

“இருபது,” என்றாள். குரல் நடுங்காமல் வந்ததே அவளுக்குப் பயமாக இருந்தது.