மெழுகு அடைத்த முகமூடி

என் பழைய நோட்டுப் புத்தகங்கள் இருக்கும் பிஸ்கட் தகரத்துக்குள் ஒரு முகமூடியும் இருக்கிறது. கண்ணாடிபோலத் தெளிவான பிளாஸ்டிக்; மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் அளவு. அதன் முன்பக்கத்தில் வட்டமாகச் சில சின்னத் துளைகள். ஒவ்வொன்றிலும் வெள்ளை மெழுகு. அதைக் கையில் எடுத்தால் இன்றைக்கும் அந்த வியாழக்கிழமையின் படபடப்பு திரும்ப வந்துவிடுகிறது.

யுத்த காலத்தில் கிண்ணியாத் துறையில் பாலம் இல்லை. ஆட்களையும் வாகனங்களையும் அக்கரை சேர்த்த இழுவைப் படகைப் பாதை என்போம். பாதை புறப்படும் நேரம், சேரும் நேரம், தாமதத்துக்குக் காரணம் ஆகியவற்றை எழுதும் கிளாக்கர் நான். அதன் எஞ்சினை ஓட்டியவரை எல்லோரும் அண்ணன் முறையில் காக்கா என்றே கூப்பிடுவார்கள். டீசல் புகையும் பீடியும் சேர்ந்து அவருடைய நெஞ்சைத் தின்றுவிட்டன. ஓய்வு பெற்ற பிறகு, வீட்டிலிருந்து துறைக்கு வருவதற்குள் மூன்று இடத்தில் குந்திவிடுவார். கெட்ட காற்று உடம்பில் தேங்கி இரண்டு தடவை நினைவு தப்பியது. அப்போதுதான் அக்கரை ஆஸ்பத்திரியில், தூங்கும்போது நீளக் குழாய் பூட்டிய முகமூடி வழியாகக் காற்றைத் தள்ளி மூச்சுக்குத் துணை நிற்கும் ஒரு மெஷினைக் கொடுத்தார்கள். இரவலாக, ஒரு மாதத்துக்கு. பலன் தெரியாவிட்டால் இலங்கைத்துறையிலிருந்து வந்து காத்திருக்கும் ஒரு அம்மாவுக்கு அது போய்விடும். வேறு மெஷின் இல்லை.

"தும்பிக்கை வைச்ச மாப்பிள்ளை" என்று அவருடைய மனைவி சிரித்தார். அவரை நான் அக்கா முறையில் ராத்தா என்பேன். "நீ சிரி. நான் யானை மாதிரி நடந்து காட்டுறன்" என்றார் காக்கா.

காட்டினார்! டாக்குத்தர் தினசரிக் குறிப்பு கேட்டதால் அந்த வேலை என்னிடம் வந்தது. முதல் வாரக் குறிப்புகளை எழுதும்போது என் கையே துள்ளியது. நான்காம் நாள் ஒரே ஒரு இடத்தில்தான் குந்தினார். ஆறாம் நாள் எங்கும் நிற்காமல் துறைக்கு வந்து, எஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் புதிய ஓட்டுநரை ஏசினார். முகமூடி இரவெல்லாம் சீறுவதுதான் அவருக்கு ஒரே குறை.

அடுத்த வாரம் எல்லாம் தலைகீழானது. காலையில் தலையிடி, பகலெல்லாம் நித்திரை, கதைக்கும்போதே கண் சொருகல். "மெஷின் ஒத்துவரேல்ல போல தம்பி" என்று ராத்தா அழுதார். இரண்டாம் வார முடிவில், வெள்ளிக்கிழமை, டாக்குத்தரிடம் காட்ட வேண்டும். மெஷின் போய்விடும் என்றே நினைத்தோம்.

வியாழன் பின்னேரம் துறையில் இருந்தபடி என் குறிப்புகளைத் திரும்ப வாசித்தேன். ஞாயிறு மாலை: 'முகமூடியின் சீறல் நின்றது. காக்காவுக்குப் பெரிய சந்தோசம்.' திங்கள் காலை: 'தலையிடி.' இரண்டு வரியும் பக்கத்தில் பக்கத்தில்! ஓடினேன்.

"காக்கா, அந்தச் சீறல் எப்படி நின்றது?"

அரைக் கண்ணைத் திறந்தார். "நான்தான் அடைச்சனான், மெழுகுதிரி உருக்கி. காத்துக் கசிஞ்சா அது பழுது எண்டு எஞ்சின்காரனுக்குத் தெரியாதா?"

எனக்கு வைத்தியம் தெரியாது, நாள்கள் தெரியும். முகமூடியையும் மெஷினையும் பையில் போட்டு, அவரை முச்சக்கர வண்டியில் ஏற்றினோம். அன்றைய கடைசிப் பாதை கரையை விட்டுவிட்டது. நான் கத்திய கத்தலில், காக்காவிடம் ஏச்சு வாங்கிய அதே ஓட்டுநர் அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். புறப்பட்ட பாதை திரும்பி வந்ததை என் பதிவேடு அதற்குமுன் கண்டதில்லை. 'தாமதம் ஏழு நிமிடம். காரணம்: காக்கா' என்று எழுதினேன்.

வார்ட்டில் நர்ஸ் மிஸ்ஸி முகமூடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஆர் இதை அடைச்சது? நீங்கள் வெளியே விடுற மூச்சு போற வழி இது! விட்ட மூச்சையே திரும்பத் திரும்ப இழுத்திருக்கிறீங்கள்!" பழையதை என்னிடம் தந்துவிட்டு, புது முகமூடி மாட்டினார்கள். மறுநாள் காலை நான் போனபோது, காக்கா கட்டிலில் நிமிர்ந்திருந்து ராத்தாவிடம் தேத்தண்ணிக்குச் சீனி காணாது என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்! மெஷின் அவருக்கே என்றார் டாக்குத்தர். இலங்கைத்துறை அம்மாவுக்காக வெளியூருக்கு எழுதிக் கேட்டிருந்த இன்னொன்று, அடுத்த மாதம் வந்து சேர்ந்தது.

"எக்சோஸ்டை அடைச்சா எஞ்சின் மூச்சு முட்டி நிக்கும் எண்டு எனக்குத் தெரியும் தம்பி," என்றார் காக்கா வெட்கத்தோடு. "இதுதான் எக்சோஸ்ட் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே!"

அன்றிலிருந்து, எஞ்சினின் புகைக்குழாயைச் சோதிப்பதுபோல, மாட்டுவதற்கு முன் துளைகளுக்கு நேரே உள்ளங்கையைப் பிடித்துப் பார்ப்பார். மெஷினில் ஒட்ட என்னை ஒரு காகிதத் துண்டு எழுதச் சொன்னார்: 'இது சீறும். சீறட்டும். அடைக்க வேண்டாம்.' நான்கு வருடம் அந்த மூச்சோடு இருந்தார். பிறகு மெஷின் அந்தத் துண்டோடு வார்ட்டுக்குத் திரும்பி, நான் அறியாத யாருக்கோ போனது.

இப்போது பாலத்தில் பஸ் ஏறி இறங்குவதற்குள் அக்கரை வந்துவிடுகிறது. பழக்கத்தில் நான் இன்னும் மணி பார்க்கிறேன். வீட்டுக்கு வந்து தகரத்தைத் திறந்தால் அதே முகமூடி. ஒரு ஊசியால் அந்த மெழுகை எடுத்துவிடலாம். ஆனால் ஒரு துளையில் அவருடைய பெருவிரல் ரேகை பதிந்திருக்கிறது.