ஒற்றைக் காதடைப்பான்

முதலில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டுகிறார். ஆரஞ்சு நிற நுரைப்பஞ்சு, சுண்டுவிரல் நுனியளவு. உருட்ட உருட்ட இளைத்து ஊதுபத்திக் குச்சி போல ஆனதும் உள்ளங்கையில் போட்டுவிட்டு விரலை எடுத்துவிடுகிறார். கொஞ்ச நேரம் அது செத்தது போலக் கிடக்கிறது. பிறகு உள்ளேயிருந்து யாரோ மூச்சு விடுகிற மாதிரி மெல்ல உப்புகிறது. ஓர் ஓரம் முந்தும், மறு ஓரம் பிந்தும். பழைய உருவம் வந்து சேரும்வரை நடேசன் கண்ணை எடுப்பதில்லை. வந்ததும் மறுபடி உருட்டுவார். ஷேர் ஆட்டோவில், கேன்டீன் வரிசையில், ஒரகடம் பாலத்தடியில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வண்டி மாட்டிக்கொள்ளும்போது, இதே வேலைதான்.

அது அவருடைய கம்பெனியில் காதில் வைத்துக்கொள்ளத் தருகிற சாமான். கார் கதவுக்கான தகடுகளை அடித்து வளைக்கும் பிரஸ் ஷாப்பில் அவர் ஆபரேட்டர். காதை அடைத்துக்கொள்ளாமல் அங்கே யாரும் நிற்க முடியாது. நீல நூலால் இணைத்து ஜோடியாகத்தான் கொடுப்பார்கள். நடேசனின் சட்டைப் பையில் இருப்பது ஒன்றுதான், அறுந்த நூல் வால் மாதிரி தொங்கும். இன்னொன்று எங்கே என்று கேட்டால் துவைக்கப் போட்டபோது தொலைந்துவிட்டது என்பார். "ஒண்ணு போதும்பா. இது காதுக்கு இல்ல."

ஷிப்டு விட்டு வெளியே வரும்போது குடிக்கத் தோன்றுமே, அந்த உந்துதலுக்கு அவர் ஒரு பெயர் வைத்திருக்கிறார்: ஆடிட்டர். கம்பெனிக்கு ஆடிட்டர் வரும் நாளில் லைனில் நிற்பவர்களுக்கெல்லாம் முன்கூட்டியே ஒரு பாடம் நடக்கும். எதிர்த்துப் பேசாதே, தானாக விளக்கம் கொடுக்காதே, கேட்டதற்கு மட்டும் பதில் சொல், கையிலிருக்கும் வேலையைப் பார். சுற்றிப் பார்த்துவிட்டு அவரே போய்விடுவார். "நம்மாளும் அப்டித்தான். பதில் சொல்ல ஆரம்பிச்சா சேரு போட்டு ஒக்காந்துடுவாரு. பேசாம இத்த உருட்டிக்கினு இருந்தா, இது உப்பி முடிக்கறதுக்குள்ள ஃபைல மூடிக்கினு கெளம்பிடுவாரு." சில சாயங்காலங்களில் அவர் லேசில் கிளம்புவதில்லை. அந்த நாட்களில் நடேசனின் விரல் நுனி சிவந்து போகும்.

வரும் நேரத்தைச் சொல்லிவிட்டு வருகிற ஆளும் இல்லை அவர். பிளாஸ்டிக் தம்ளர்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருப்பதைக் கண்டால் வருவார். ஊறுகாய்ப் பொட்டலத்தைக் கிழித்தால் வருவார். செம்பரம்பாக்கம் பக்கமிருந்து ஈரக்காற்று வீசி வானம் இருட்டினால் கட்டாயம் வருவார். பக்கத்தில் யாராவது பாட்டில் மூடியைத் திருகி அந்த 'கிறுக்'கென்ற சத்தம் எழுந்தால், அது வெறும் தண்ணீர் பாட்டிலானாலும் நடேசனின் தலை தானாகத் திரும்பும். அதனாலேயே அவர் எவர்சில்வர் தூக்கில் தண்ணீர் கொண்டுபோகிறார். அதற்குத் திருகு மூடி கிடையாது.

ஓரிடத்தில் உட்காரமாட்டார். உட்கார்ந்தால் பாதுகாப்பு பூட்ஸின் இரும்பு முனை தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும். சாப்பாட்டை நின்றபடியே முடித்துவிட்டு, யாரும் கேட்காமலே லைனைப் பெருக்கப் போவார். வீட்டுக்குப் போக நேர்வழி இருக்க, ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போவார். நேர்வழியில் கடை இருக்கிறது. குடியை விட்டு எத்தனை நாளாயிற்று என்று கேட்டால் மட்டும் கோபம் வந்துவிடும். நாளை எண்ணக் கூடாதாம். எண்ணினால் ஆடிட்டருக்குத் தேதி தெரிந்துவிடுமாம், முழு எண் வருகிற அன்றைக்குக் கொண்டாடலாம் வா என்று கேக்கோடு வந்து நிற்பாராம்.

இத்தனை ஜாக்கிரதைக்கும் காரணம் கம்பெனி கேட்டில் இருக்கிறது. உள்ளே போகும் ஒவ்வொருவரும் செக்யூரிட்டி நீட்டும் கருவியில் ஊத வேண்டும். முன்பொரு காலையில் நடேசன் ஊத, முந்தின ராத்திரியின் மிச்சத்துக்கு அது கத்திவிட்டது. அந்தத் தடவை எச்சரித்து அனுப்பினார்கள். இன்னொரு தடவை கத்தினால் வேலை கிடையாது என்றும் சொல்லி அனுப்பினார்கள். நாற்பத்தைந்து வயதில் புதிதாக வேலை கேட்டு இந்தச் சாலையில் எந்த கேட்டில் போய் நின்றாலும் உள்ளே விடப்போவதில்லை. எல்லோருக்கும் டிப்ளமா முடித்த இருபது வயதுப் பிள்ளைகள்தான் தேவை.

அவர் மனைவி சசிரேகா, வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றில் சமைக்கிறாள். பஞ்சு உருட்டுவதை ஒரு வைத்தியமாகவே அவள் ஒப்புக்கொள்ளவில்லை. ஊர் உலகத்தில் ஆயிரம் பேர் குடியை விட்டிருக்கிறார்கள், யாராவது பஞ்சை உருட்டி விட்டதாகக் கேள்விப்பட்டதுண்டா என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் முறையான வழி ஒன்றை முடிவு செய்து சொல்லச் சொன்னாள். "மாலையோ மருந்தோ கூட்டமோ, எதாச்சும் ஒண்ணப் புடிய்யா. மனுசன் நம்பறதுக்கு ஒரு பேர் வேணாமா அதுக்கு?"

மாலை என்பது இசக்கிபாண்டியின் யோசனை. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து பக்கத்து மெஷினில் நிற்கும் பையன் அவன். வருஷந்தோறும் ஐயப்பனுக்கு மாலை போடுகிறவன். மாலை கழுத்தில் ஏறிவிட்டால் வாசனை கூடப் பிடிக்காது என்று சத்தியம் செய்தான். நடேசன் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றினாயே, அன்றைக்குச் சாயங்காலம் எங்கே இருந்தாய் என்று கேட்டார். இசக்கிபாண்டி சிரித்துவிட்டான். "அது வந்து... அன்னைக்கு மட்டும் சாமி லீவு கொடுத்துருவாருண்ணே."

கூட்டம் சாம்சனுடையது. பெயின்ட் ஷாப்பில் இருக்கும் சாம்சன், குடியை விட்டவர்கள் வாரம் ஒருமுறை சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் கூடும் இடத்துக்கு நடேசனை ஒரு தடவை அழைத்துப் போனார். தரையில் ஜமுக்காளம் விரித்து வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து பெயரைச் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்றும் சொன்னார்கள். நடேசனின் முறை வந்தது. எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார். "நடேசன்... பிரஸ் ஷாப்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். திரும்பி வந்து இறங்கும்போது சாம்சன், டிபார்ட்மென்டைச் சொன்னதே பெரிசு நடேசா, அடுத்த வாரம் ஷிப்டையும் சொல்லிவிடு என்றார்.

கேன்டீனில் இதை வைத்து ஒரு கச்சேரியே நடந்தது. லைனில் பழுது வந்தால் அடிக்காரணம் தெரிகிறவரை ஐந்து முறை 'ஏன்' கேட்க வேண்டும் என்பது கம்பெனி சொல்லிக்கொடுத்த வழக்கம். அதை நடேசன் மேல் பிரயோகித்தார்கள். ஏன் குடிச்ச? தூக்கம் வரல. ஏன் வரல? ஷிப்டு மாத்தி மாத்திப் போடுறான். ஏன் போடுறான்? ஆளு பத்தல. ஏன் பத்தல? பாதிப் பேரு லீவு. ஏன் லீவு? "குடிச்சுட்டு படுத்துக்கினு கீறானுங்க" என்றார் நடேசன், சோற்றிலிருந்து தலை நிமிராமல். மேஜையே சிரித்தது. அவர் கால் மட்டும் மேஜைக்கடியில் தட்டிக்கொண்டிருந்தது.

மருந்து சசிரேகாவே வாங்கி வந்தது. குடியை மறக்கடிக்கிற சொட்டு மருந்து என்று யாரோ சொல்ல, வாலாஜாபாத் போய் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் வாங்கிக்கொண்டு வந்தாள். பத்துச் சொட்டு, நேராக நாக்கில், வேலைக்குள் நுழையும் முன். வீட்டில் மகள் எதிரில் நாக்கை நீட்ட அவருக்குக் கூச்சம். வண்டி நிறுத்துமிடத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று குப்பியைச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்று இரண்டாம் ஷிப்டு. உச்சி வெயில் சாய்ந்திருந்த நேரம். ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி, வண்டி நிறுத்துமிடத்துத் தூணுக்குப் பின்னால் ஒதுங்கி, அண்ணாந்து சொட்டுகளை விட்டுக்கொண்டு நேராக கேட்டுக்கு வந்தார். செக்யூரிட்டி ஜீவானந்தம் கருவியை நீட்டினார். நடேசன் ஊதினார். அது கத்தியது.

வரிசை அப்படியே நின்றது. எல்லோரும் வேறெங்கோ பார்த்தார்கள். ஜீவானந்தம் இன்னொரு முறை ஊதச் சொன்னார். மறுபடி கத்தியது. "இன்னாண்ணே இது" என்றார், கோபத்தைவிட வருத்தமாக. நடேசன் பையைத் துழாவிக் குப்பியை எடுத்துக் கொடுத்தார். ஜீவானந்தம் மூடியைத் திறந்து முகர்ந்தார். ஒரு கணம் அவர் முகம் எப்படிப் போவதென்று தெரியாமல் தவித்தது.

"அண்ணே, இதுலயே சரக்கு வாட அடிக்குதே. இத்தயா குடியை நிறுத்தறதுக்கு ஊத்திக்கினு வந்த?"

வரிசையில் ஒருவர் தும்மல் மாதிரி சிரித்தார். ஜீவானந்தம் சிரிக்கவில்லை. வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டுக் கால் மணி நேரம் உட்காரச் சொன்னார். நாக்கில் இருப்பது மட்டும்தான் என்றால் அதற்குள் போய்விடும். அப்புறமும் கத்தினால் மேலே சொல்லாமல் இருக்கத் தன்னால் முடியாது என்றார்.

கேட்டோரமாக, 'பாதுகாப்பே முதல்' என்று எழுதிய பலகைக்குக் கீழே ஒரு சிமென்ட் திண்டு. நடேசன் அதில் உட்கார்ந்தார். எழுந்தார். உட்கார்ந்தார். எத்தனை கொப்பளித்தும் நாக்கின் அடியில் அந்தச் சூடு போகவில்லை. இத்தனை காலம் வாசல்வரை வந்து திரும்பிப் போன ஆடிட்டருக்கு யாரோ உள்ளே நாற்காலி போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது. அவர் அன்று தனியாக வரவில்லை, கூட்டமாக வந்திருந்தார். குடிக்காமலே பெயர் கெட்டுவிட்டது, குடித்துவிட்டே கெட்டால் என்ன என்றார். ஷிப்டுக்குப் போகிறவர்கள் எல்லாம் பார்த்துவிட்டார்கள், வீட்டுக்குச் செய்தி போயிருக்கும், இனி யாருக்காக என்றார். கேட்டுக்கு வெளியே ஷேர் ஆட்டோ ஒன்று நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு, பாலத்துப் பக்கமாக, கடை இருக்கும் திசையில் கிளம்பத் தயாராக உறுமியது. ஓட்டுநர் இவரைப் பார்த்து வர்றியா என்பது போலத் தலையசைத்தார்.

நடேசன் எழுந்து இரண்டடி வைத்தார். பிறகு கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. நின்ற இடத்திலேயே உருட்டினார். வியர்வைக் கையில் பஞ்சு வழுக்கியது. உள்ளங்கையில் வைத்தார். அது உப்புகிறவரை பார்த்தார். ஆட்டோ போகவில்லை. மறுபடி உருட்டினார். உப்பியது. மறுபடி. ஆட்டோ எப்போது போயிற்று என்று அவருக்குத் தெரியாது. ஜீவானந்தம் வந்து தோளைத் தொட்டபோதுதான் நிமிர்ந்தார்.

ஊதினார். கருவி சும்மா இருந்தது.

"போண்ணே, லைன்ல தேடுவாங்க" என்று ஜீவானந்தம் குப்பியைத் திருப்பிக் கொடுத்தார். நடேசன் அதை வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தார். பிரஸ் ஷாப் வாசலில் மூன்று நிறத்தில் மூன்று குப்பைத்தொட்டிகள் உண்டு. குப்பையை மாற்றிப் போட்டால் சூப்பர்வைசர் கத்துவார். குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நடேசன் மூன்றையும் மாறி மாறிப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். கடைசியில் எண்ணெய்த் துணிகளைப் போடும் சிவப்புத் தொட்டியில், 'அபாயக் கழிவு' என்று எழுதியிருப்பதில், போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சசிரேகாவிடம் முடிவைச் சொன்னார். சாம்சனோடு கூட்டத்துக்குப் போவது, எழுந்து நின்று சொல்ல வேண்டியதை முழுசாகச் சொல்வது. சொல்லிவிட்டு, சட்டைப் பையைத் தொட்டுக் காட்டி, "இதுவும் இருக்கும்" என்றார். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, "இருந்துட்டுப் போவட்டும்" என்றாள். அந்த வாரம் கூட்டத்தில் அவர் சொன்னாராம், குரல் எழவில்லையாம், சாம்சனுக்குக் கேட்டதாம்.

மற்றொன்று தெரியவந்தது பிற்பாடுதான், கேன்டீனில் வேலை செய்யும் லீலா வாயிலாக. லீலா நடேசனின் தெருக்காரி. அன்று மத்தியானம் நடேசனை கேட்டில் உட்கார வைத்திருப்பதைப் பார்த்து, பதறிப்போய் விடுதிச் சமையலறைக்குப் போன் போட்டுச் சசிரேகாவிடம் சொன்னவள் அவள்தான். அழுவாள், கணவனுக்குப் போன் போட்டுக் கத்துவாள் என்று பார்த்தால், மறுமுனையில் பேச்சே இல்லையாம். அப்படி என்னதான் செய்துகொண்டிருந்தாய் என்று பிறகொரு நாள் கேட்டதற்குச் சசிரேகா ஏப்ரன் பைக்குள் கைவிட்டு எடுத்துக் காட்டியிருக்கிறாள். பாதி நீல நூல் தொங்கும் ஒற்றைக் காதடைப்பான். மஞ்சள் தூளும் எண்ணெயும் ஏறி, ஆரஞ்சு நிறமே போய்க் கறுத்திருந்ததாம். லீலா அதை வாங்கி உருட்டிப் பார்த்தாளாம். நடேசனுடையதைவிட மெதுவாகத்தான் அது உப்பியது, ரொம்ப நேரம் பிடித்ததாம்.