குளியலறைச் செருப்பு

மெயின் பெட்டியின் மூடியைக் கழற்றினால் உள்ளே என்ன இருக்கும் என்பது எனக்கு மனப்பாடம். கருகிய பல்லி, கரப்பான் எச்சம், எவனோ அவசரத்துக்குச் சுற்றிவிட்டுப் போன கறுப்பு டேப். சிங்கப்பூரை ஒட்டிய ஜொகூர் பாருவில் வயரிங் வேலைக்கு வந்த புதிதில் பல்லியைப் பார்த்தால் குமட்டும். இப்போதெல்லாம் அந்த டேப்பைப் பார்த்தால்தான் குமட்டுகிறது.

பாலோ என்ற சிற்றூருக்கு எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலும் அந்த டேப் இருந்தது. அதற்கு முன் போன வீடுகளில், "வேலை சிங்கப்பூர்லயா?" என்று கேட்பார்கள். இல்லை என்றதும் பேச்சு வானிலைக்குத் தாவிவிடும். இந்தப் பெண் அதைக் கேட்கவில்லை. பலகாரத் தட்டை வைத்துவிட்டு, "ஏணியில நின்னுகிட்டு வேலை செய்ய பயமா இருக்காதா?" என்றாள். என் தொழிலைப் பற்றி ஒரு பெண் ஆசையாக விசாரித்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்ட அம்மா, பெண்ணின் அப்பாவிடம் நாள் குறிப்பதைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்.

கை கழுவ எழுந்தேன். பெண்ணின் அம்மா கூடவே வந்து, குளியலறை வாசலில் கிடந்த ரப்பர் செருப்பை என் காலடியில் தள்ளினார்.

"சிலிப்பர் போட்டுக்கிட்டு பைப்ப தொடுங்க தம்பி. ஹீட்டரு போட்டிருந்தா லேசா கரண்டு அடிக்கும். எங்களுக்குப் பழகிருச்சு."

இன்னொரு வடை வைக்கட்டுமா என்று கேட்ட அதே குரலில்தான் இதையும் சொன்னார்.

காரிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்து, பெண்ணின் அப்பாவிடம் கேட்டுக்கொண்டு, மெயின் பெட்டியைத் திறந்தேன். கரண்ட் கசிந்தால் தானாக விழவேண்டிய ட்ரிப் சுவிட்சை விட்டுவிட்டு, பக்கத்திலேயே ஒரு வயர் நேராக ஓடியிருந்தது. அதன் மேல் கறுப்பு டேப். ஹீட்டர் கசிகிறது என்று ட்ரிப் விழுந்து விழுந்து சொல்லியிருக்கிறது; இவர்கள் அதன் வாயை அடைத்துவிட்டார்கள். மெயினை அணைத்தேன். கூடத்தில் காற்றாடி நின்றது.

"அது சும்மா சும்மா விழுந்து ஒரே தொல்லை," என்றார் பெண்ணின் அப்பா. "உங்கள மாதிரி ஒரு வயர்மேன்தான் வந்து சரி பண்ணாரு. சட்டுனு முடிச்சிட்டாரு லா."

"இது சரி பண்றது இல்ல அங்கிள். ஆளு செத்துருவாங்க."

அவர் முகம் இறுகியது. "நல்ல காரியத்துக்கு வந்த வீட்டுல இதையா பேசுவீங்க?"

அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "வாய மூடுடா. கல்யாணம் முடியட்டும், அப்புறம் வந்து செஞ்சிக்கலாம்."

அதுவரை யார் குளிப்பது? அத்தனை பேர் மேலும் அருவருப்பு வந்தது, என் அம்மாவையும் சேர்த்து. எல்லாரையும்விட அந்த முகம் தெரியாத வயர்மேன் மேல். என்னைப் போலவே படித்துச் சான்றிதழ் வாங்கியவன்தானே அவனும்? என்னையும் அவனையும் இவர்கள் ஒரே தட்டில் வைத்துப் பேசுகிறார்கள். காறித் துப்பலாம் போலிருந்தது.

"அந்த வயர எடுத்துட்டு, ஹீட்டர கழட்டி வச்சிடுறேன் அங்கிள். இப்பவே செஞ்சிடலாம்."

"கை வைக்காதீங்க. மெயின மட்டும் போடுங்க, வேர்க்குது."

மாட்டேன் என்றேன். அவரே நாற்காலியில் ஏறி மெயினைப் போட்டார். காற்றாடி மறுபடி சுற்றியது. "சரி, போய்ட்டு வாங்க," என்றார். நாள் குறிக்கும் பேச்சு அதோடு முடிந்தது. அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார்.

வாசலில் காலணியை மாட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் கேட்டைத் திறந்துவிட வந்தாள். பலகாரம் வைத்தபோது எந்த முறையும் சொல்லாமல் பேசியவள், இப்போது, "அண்ணே," என்றாள்.

"நான் இனிமே பச்சத் தண்ணியிலயே குளிச்சிக்கிறேன்."