பூச்சியங்களோடு பஸ் ஏறியவர்

வாயில் பல்துலக்கியோடு கணினித் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார் குலசேகரம். மின்வெட்டு விட்டுவைத்த நேரத்தில் கணினி பெற்றுப்போட்ட பிள்ளைகளில் எது தேறியது என்று பார்க்காமல் அவருக்கு வாய் கொப்பளிக்க மனம் வராது. கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடியில் எனக்குக் கீழ்வீட்டுக்காரர். மின்சாரக் கந்தோரில் எஞ்சினியர்.

இந்தத் தொண்ணூற்றாறில் மழை ஏமாற்றி, நீர்மின்சாரம் படுத்துவிட்டது. எண்ணெயில் ஓடும் மின்நிலையங்களில் எதை எந்த மணிக்கு ஓட்டினால் செலவு குறையும் என்பதுதான் அவருடைய கணக்கு. ஓடினால் ஒன்று, நின்றால் பூச்சியம். ஒரு நாளைய ஏற்பாடு ஒரு நீண்ட வரி. நான் கணிதத்தில் கோட்டைவிட்டவன் என்பதால் என் அளவுக்கு இறங்கிவந்து விளக்கினார்.

"திறமான ரெண்டு வரியைக் கலியாணம் கட்டி வைக்கிறது. பிறக்கிற பிள்ளையளிலை மொக்குகளைக் கழிச்சுவிடுறது. பிறகும் கலியாணம், பிறகும் பிள்ளை. சாதகம், சீதனம் ஒண்டும் இல்லை. இந்த முறையிலை பாத்திருந்தால் நாகேஸ்வரி என்னை முதல் சுற்றிலேயே கழிச்சிருப்பா."

"இப்பவும் பிந்தேல்லை," என்றார் மனைவி, குசினியிலிருந்து.

நான் விளங்கியவன்போலத் தலையாட்டினேன். பத்திரிகையில் எழுதுகிறவனுக்குத் தெரிந்த ஒரே வித்தை அது.

இரண்டு வருடமாகக் கந்தோரில் ஒருவரும் இதைத் திரும்பிப் பார்க்கவில்லை. போன மாதம் ஒருவழியாக மேலதிகாரி, திங்கட்கிழமைக் கூட்டத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். குலசேகரம் புதுச் சேட்டுப் போட்டு, தாள்களைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். காலி வீதிச் சோதனைச் சாவடியில் இறக்கி, பையின் வாயை விரித்துக் காட்டச் சொன்னார்கள். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர், பை நிறையப் பூச்சியமும் ஒன்றும். யாருக்கு அனுப்பும் சங்கேதம் என்று ஆமிக்காரர் கேட்டிருக்கிறார். நம்மவர் பழக்கதோஷத்தில், "இதெல்லாம் பிள்ளையள், மாத்தயா" என்று சிங்களத்தில் சொல்லியிருக்கிறார்.

"ஆருடைய பிள்ளையள் எண்டு கேட்டான். பவர் ஸ்டேசனுகளின்ரை எண்டன். வேறை என்ன சொல்ல?"

மாலைவரை பொலிஸ் நிலையத்தில் இருத்திவைத்தார்கள். கந்தோரிலிருந்து ஆள் வந்துதான் மீட்டது. தாள்கள் திரும்பி வரவில்லை. கூட்டம் அவர் இல்லாமலே நடந்து, பழைய முறையே போதும் என்று முடிந்திருந்தது.

"பாத்தீரே, என்னை முதல் சுற்றிலேயே கழிச்சுப்போட்டாங்கள்!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் எனக்கு வெட்கமாக இருந்தது.

நேற்றுப் பின்னேரம் அழைப்புமணி அடித்தது. நாகேஸ்வரி சுட்ட உளுந்து வடையோடு குலசேகரம் வாசலில் நின்றார். வடை இருந்தது அதே பையில். நான் "வாங்கோ" என்று சொல்லுமுன்னரே, பையின் வாயை இரண்டு கையாலும் அகல விரித்து, உள்ளே இருப்பது தெரியும்படி என் முன்னால் நீட்டினார்.